செத்த பெல்ட்டின் வாசனை

"எதையும் கழற்றிப் பார்க்காம உங்களால நம்பவே முடியாதா அண்ணி?"

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் அவளிடம் இப்படிக் கேட்டவன் அவளுடைய கொழுந்தன். அவன் ஆசையாக வாங்கி வந்திருந்த சுவர்க் கடிகாரத்தை அவள் சாப்பாட்டு மேஜைமேல் பிரித்துப் பரப்பியிருந்த நேரம் அது.

"பொருளைத்தான் கழற்றுவேன். மனுஷங்களை இல்லை" என்றாள் அவள்.

அதே மேஜைமேல் இன்று ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர் உட்கார்ந்திருந்தது. காலை பதினொரு மணி வெயில் அதன் புகைநிற மூடிமேல் விழுந்து, மூடியில் இருந்த கைரேகைகளை எல்லாம் காட்டிக்கொடுத்தது.

தெருவில் அவளை ஊசியம்மா என்பார்கள். பெல்ட்டில் சுற்றுகிற பழைய பிளேயர்களை வீட்டிலேயே வைத்துப் பழுது பார்த்து, தேய்ந்த ஊசியை மாற்றிக் கொடுப்பதால் வந்த பெயர். போலீஸ் ஸ்டேஷனில் அதே பெயருக்கு வேறு காரணம் சொல்வார்கள். துப்பறிய உட்கார்ந்துவிட்டால் அவள் கேட்கிற கேள்வி தோலைத் தாண்டிப் போய்த்தான் நிற்குமாம்.

கொழுந்தனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ரேடியோ. அணைக்கிற பொத்தான் வைக்காமல் செய்துவிட்ட ரேடியோ. அண்ணன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணியின் கேஸ்களிலும், அண்ணியின் மேஜையிலும் அவன்தான் வலது கை.

"இன்ஸ்பெக்டர் என்ன சொல்லிட்டுப் போனார்? மறுபடி சொல்லு" என்றாள் ஊசியம்மா, திருப்புளியைத் தேடியபடி.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள ரிப்போர்ட் வேணுமாம். ஒரே கேள்வி. போன வியாழக்கிழமை இந்த பிளேயர் பாடியிருக்குமா, பாடியிருக்காதா? 'பாடியிருக்காது'ன்னா நர்ஸம்மா உள்ளே. 'பாடியிருக்கும்'னா கண்ணாடிக் கடைக்காரர் உள்ளே. நமக்கு எப்படியும் ஒரு நன்றி, ஒரு சலாம், ஒண்ணும் இல்லாத கவர்."

சொல்லிவிட்டு மூன்று தும்மல் போட்டான். ஒரு வாரமாக அவனுக்கு மூக்கடைப்பு.

விஷயம் இதுதான். கண்ணாடிக் கடைக்காரரின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தவர். வியாழக்கிழமை ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்து, மாற்ற ஆளில்லாமல் இறந்துபோனார். பகல் பன்னிரண்டுக்கே நர்ஸ் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று மகன் எழுதிக் கொடுத்திருக்கிறார். இல்லை, மூன்றரை வரை நான் இருந்தேன், அவர் வந்து அனுப்பித்தான் போனேன் என்கிறாள் நர்ஸ். மூன்றரை மணிக்கு அந்த அறையில் வயலின் கேட்டது என்று பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர் சாட்சி சொல்கிறார். கையைக்கூடத் தூக்க முடியாத பெரியவர் தானாக ரெக்கார்ட் போட்டிருக்க முடியாது. ஆகவே பாட்டு கேட்டது உண்மையென்றால் நர்ஸ் அங்கே இருந்ததும் உண்மை. ஆனால் மகன் ஒரே போடாகப் போட்டார்: "அந்த மெஷின் பத்து வருஷமா சுத்தவே இல்லை. வேணும்னா திறந்து பாருங்க."

ஊசியம்மா திறந்தாள்.

முதலில் இரண்டு பூட்டுத் திருகுகள். பிளேயரைத் தூக்கிக்கொண்டு போகும்போது உள்ளே ஸ்பிரிங்கில் தொங்குகிற பாகம் ஆடாமல் இருக்க இவற்றைப் பூட்டுவார்கள். திருப்புளியை வைத்துத் திருப்பினாள். அவள் எதிர்பார்த்ததைவிட லேசாகத் திரும்பியது. ஒரு கணம் கை நின்றது. பிறகு இரண்டாவது திருகு. அதுவும் அப்படியே லேசாகத்தான் திரும்பியது.

திருப்புளியைத் தனியே எடுத்து வைத்தாள்.

ரப்பர் விரிப்பை எடுத்தாள். கனமான உலோகத் தட்டை இரண்டு கையாலும் நேராகத் தூக்கினாள். அடியில், மோட்டாரின் பித்தளைக் கப்பியைச் சுற்றி, பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் களிம்பு. ரப்பர் உருகித் தாராகிவிட்டிருந்தது. விரலால் தொட்டதும் நூல் நூலாக வந்தது.

"போச்சு!" என்றான் ரேடியோ. "பெல்ட் செத்து, காரியமும் முடிஞ்சு, எலும்பையும் எடுத்தாச்சு. இந்தக் கோலத்துல இது வியாழக்கிழமை வயலின் வாசிச்சுதுன்னா, நான் நாளைக்குக் கச்சேரி பண்றேன். எழுதுங்க அண்ணி. 'பாடியிருக்காது.' ஒரே வார்த்தை."

"அவசரம் என்ன?"

"டீ ஆறிடும்னுதான்."

"டீயா? அடுப்புல பால் பொங்கித் தீயுதே, உனக்கு வாசனை வரலை?"

"என் மூக்கு இப்ப முகத்துல அழகுக்குத்தான் அண்ணி இருக்கு" என்று ஓடினான். திரும்பி வரும்போது அவளுக்குச் சர்க்கரை போட்டு ஒரு டம்ளர், தனக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று. "எனக்கு இனிப்பு பேச்சிலேயே இருக்கு" என்பது அவனுடைய தினசரி வசனம்.

ஊசியம்மா டார்ச்சை அடித்து மெஷினுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரேடியோ, பத்து வருஷமா உருகின ரப்பர் எங்கே போகும்?"

"எங்கேயும் போகாது. என்னை மாதிரி ஒட்டிக்கிட்டே கிடக்கும்."

"கீழே சொட்டும். சொட்டினது காஞ்சு கல்லு மாதிரி ஆகும். இந்தப் பலகையைப் பாரு. ஒரு சொட்டு இல்லை. துடைச்ச தடமும் இல்லை." நடுத்தண்டு உட்காரும் குழியில் ஒரு குச்சியை விட்டு எடுத்தாள். குச்சி நுனியில் எண்ணெய் தெளிவாக, தண்ணீர் மாதிரி ஓடியது. "பத்து வருஷம் நின்ன மெஷின்ல இது பிசின் மாதிரி இருந்திருக்கணும்."

ரேடியோ டம்ளரைக் கீழே வைத்தான். "அப்படின்னா?"

"நல்ல பெல்ட்டை எடுத்துட்டு, செத்த பெல்ட்டை யாரோ மாட்டியிருக்காங்க."

அவள் அந்தக் களிம்பு வளையத்தை இடுக்கியால் மெதுவாக உரித்து எடுத்தாள். பாதி பெல்ட்டாகவும் பாதி தாராகவும் வந்தது. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இறுக்கி மூடி, மேஜை ஓரத்தில் வைத்தாள். கையைத் துடைத்த ஸ்பிரிட்டின் நெடி அறை முழுக்க இருந்தது.

"கிளம்பு. முதல்ல நர்ஸ் வீடு."

*

நர்ஸின் வீடு ஒற்றை அறை. கொடியில் இரண்டு வெள்ளைச் சீருடைகள் தேய்த்து மாட்டியிருந்தன. நாளைக்கு அவற்றைப் போட்டுக்கொள்ள முடியுமா என்று தெரியாத ஒருத்தி அவற்றுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். அழுது முடித்த முகம்.

"மூணு வருஷம் பாத்தேன்மா அவரை. அந்த மகன் என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவார். 'தங்கச்சி சாப்டியா', 'தங்கச்சி மழை வருது, குடை எடுத்துட்டுப் போ'. அன்னிக்கும் அப்படித்தான் சொன்னார். 'தங்கச்சி, நீ களைச்சுப் போயிருக்கே, வீட்டுக்குப் போ, அப்பாவை நான் பாத்துக்கறேன்.' சிலிண்டர் நாலு மணிக்கு மாத்தணும்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். தலையை ஆட்டினார். மறுநாள் போலீஸ்ல 'அந்தப் பொம்பளை'ன்னு எழுதிக் கொடுத்திருக்கார்."

"பிளேயர் ஓடுச்சா?" என்றாள் ஊசியம்மா.

"ஓட வெச்சதே நான்தான். பெரியவருக்கு அந்த வயலின் ரெக்கார்ட்னா உயிர். பெல்ட் போயிடுச்சுன்னு மூலையில போட்டு வெச்சிருந்தாங்க. நாலு மாசம் முன்னாடி புது பெல்ட் வரவழைச்சு, மாட்டத் தெரியாம மூணு தடவை மாட்டி..." முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "தட்டு ஓரத்துல ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, வாட்சைப் பாத்துக்கிட்டு, நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு எண்ணினேன். அவருக்கு நாடி பாக்கிற மாதிரியே அதுக்கும் பாத்தேன்மா. சரியான கணக்கு முப்பத்துமூணு வந்ததும் அவர் கண்ணால சிரிச்சார்."

ரேடியோ தும்மினான். "நர்ஸம்மா, மெஷினுக்கு நாடி பாத்தீங்க சரி. மகனுக்குப் பாத்திருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

"பெல்ட்ல ஏதாவது அடையாளம் இருந்துதா?" என்றாள் ஊசியம்மா.

"இருக்கும்மா. உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எதுன்னு எனக்குக் குழப்பம். அதனால உள்பக்கத்துல நீல மையில ஒரு புள்ளி வெச்சேன். ஊசி குத்தும்போது சார்ட்ல வைப்பேனே, அந்த மாதிரி. புள்ளிக்குக் கீழே ஒரு கோடு."

ரேடியோவிடமிருந்து ஒரு கிண்டல் வரும் என்று ஊசியம்மா காத்தாள். வரவில்லை. அவன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது நர்ஸ் கேட்டாள். "அந்த பெல்ட் கிடைக்குமா அம்மா?"

"எரிச்சிருந்தா கிடைக்காது" என்றான் ரேடியோ.

"நல்ல பெல்ட்டை எரிக்க மனசு வராது" என்றாள் ஊசியம்மா. "மெஷின் தெரிஞ்ச ஆளா இருந்தா."

*

கண்ணாடிக் கடைக்காரர் கீழே கடை, மேலே வீடு என்று வைத்திருந்தார். மாடியில் பின்பக்க அறைதான் பெரியவருடையது. கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஜன்னலோர மேஜையில் பிளேயர் இருந்த இடம் மட்டும் நாலு கால் தடத்தோடு தூசியில்லாமல் தெரிந்தது. முன்பக்க அறையில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரோரம் காகிதம் சுற்றிய பெயர்ப் பலகை ஒன்று முதுகைக் காட்டி நின்றது.

"யாருக்கு இந்த ரூம்?" என்றாள் ஊசியம்மா.

"வாடகைக்கு வர்றாங்க" என்றார் கடைக்காரர். நல்ல உயரம், நல்ல சட்டை, கண்ணில் அவரே விற்கிற தங்கச் சட்டக் கண்ணாடி. "எங்கப்பாவே போயிட்டார். ரூமை வெச்சு என்ன பண்றது? சொல்லுங்க, மெஷின் ஓடலைதானே?"

"ஓடலை."

அவர் தோள் இறங்கியது. அந்த நிம்மதியை ஒளிக்க அவருக்குத் தெரியவில்லை.

"வியாழக்கிழமைக்கு அப்புறம் அதை யாராவது தொட்டாங்களா?"

"ஒருத்தரும் இல்லை. திங்கக்கிழமை கான்ஸ்டபிள் வந்தார். இருந்தபடியே அலாக்காத் தூக்கிட்டுப் போனார்."

"அப்ப பூட்டுத் திருகை யார் பூட்டினது?"

"என்ன திருகு?"

ஊசியம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். மனிதர் பொய் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நிஜமாகவே விழித்தார். மெஷினில் திருகு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பெல்ட்டை மாற்றிய கை அவர் கை இல்லை.

"அண்ணி, இவர் கடையில இருக்கிற திருகு எல்லாம் கடுகு சைஸ்" என்று ரேடியோ புகுந்தான். "இவரைப் போய்..."

"நான் உன்னைக் கேக்கலையே."

அந்த நேரத்தில் கடைக்காரரின் மனைவி தட்டில் மூன்று கப் டீயோடு வந்தாள். அதிகம் பேசாத பெண். முதலில் வீட்டுக்காரருக்குக் கொடுத்தாள். அடுத்து ரேடியோவுக்கு. பிறகு ஊசியம்மாவின் முன்னால் நின்று, சர்க்கரைக் கிண்ணத்தைக் காட்டி, "உங்களுக்கு எவ்வளவு போடட்டும்க்கா?" என்று கேட்டாள்.

"ஒரு ஸ்பூன்" என்றாள் ஊசியம்மா.

ரேடியோ டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தான். சர்க்கரைக் கிண்ணம் அவன் பக்கம் போகவே இல்லை. அவனும் கேட்கவில்லை.

அவள் டீயைக் குடித்து முடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு டீயைக் குடித்து முடிப்பது எத்தனை பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

படி இறங்கும்போது ரேடியோ சொன்னான். "அண்ணி, நீங்க மெதுவா நடந்து வாங்க. நான் முன்னாடி போய் மேஜையை ஒழுங்கு பண்ணி வெக்கறேன்."

"வேண்டாம். சேர்ந்தே போவோம்."

"கால் வலிக்கும்னு பாத்தேன்."

"கால் வலிக்கலை" என்றாள்.

வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். கண்ணாடிக்காரர் சட்டைக்கு ஒன்று, தெருநாய்க்கு ஒன்று, இன்ஸ்பெக்டர் தொப்பைக்கு ஒன்று என்று கிண்டல் உதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. வழக்கமாகவே அவள் அதிகம் சிரிப்பவள் இல்லை என்பதால் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

*

வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தாள்.

மூன்று மணி நேரம் மூடிக் கிடந்த டப்பா. ஸ்பிரிட் நெடி எப்போதோ பறந்துவிட்டிருந்தது. ரப்பர் நாற்றம்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால், மெல்லியதாக, கூச்சப்படுகிற மாதிரி, ரோஜா.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கழற்றிய பெல்ட் எதையும் ஊசியம்மா தூக்கிப் போடுவதில்லை. அதே அளவில் புதிது வரவழைக்கப் பழசுதான் அளவுகோல். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஒவ்வொன்றையும் பவுடரில் புரட்டி, தனித்தனிக் கவரில் போட்டு, ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைப்பாள். எல்லாவற்றுக்கும் வாசனை இல்லாத வெறும் பவுடர். ஒன்றே ஒன்றுக்குத் தவிர.

அவள் கணவர் ஒருமுறை அவளுக்கு என்று ரோஜாப் பவுடர் வாங்கி வந்தார். அந்த வாசனை அவளுக்குப் பிடிக்காது என்பது கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் அவருக்குத் தெரியவில்லை. அதற்காக ஒரு நாள் முழுக்க அவரோடு பேசாமல் இருந்தாள். அவர் போன பிறகு, அவர் பாட்டு கேட்ட பிளேயரின் பெல்ட் உருக ஆரம்பித்தபோது, அதைக் கழற்றி அந்த ரோஜாப் பவுடரில் புரட்டி வைத்தாள். டப்பாவில் மிச்சம் இருந்ததையெல்லாம் அதற்கே கொட்டினாள்.

உலகத்தில் ரோஜா மணக்கிற செத்த பெல்ட் ஒன்றுதான் உண்டு.

"ரேடியோ, இங்கே வா. இதை மோந்து பாரு."

வந்தான். குனிந்தான். உறிஞ்சினான். "ஒண்ணும் வரலை அண்ணி. மூக்குதான் லீவுல இருக்கே."

"தெரியும். ஒரு வாரமா லீவு. இந்த பெல்ட்டை மாட்டின அன்னிக்கும் லீவுதானே? அதான் இதுல வர்ற ரோஜா வாசனை உனக்குத் தெரியலை."

"என்னிக்கு அண்ணி?"

"சொல்றேன். முதல்ல திருகு. நான் பூட்டுத் திருகை எப்படிப் பூட்டச் சொல்லிக் கொடுத்தேன்?"

அவன் பதில் சொல்ல யோசித்த விதத்திலேயே பதில் இருந்தது. "இறுக்கிட்டு... கால் சுத்து தளர்த்தணும்."

"ஏன்?"

"மேல்தகடு பழசு. விரிசல் விடும்."

"ஊர்ல வேற யாரும் அப்படிப் பண்றதில்லை. அது என் பழக்கம். என்கிட்டேர்ந்து உனக்கு வந்தது. அந்த மெஷின்ல ரெண்டு திருகும் கால் சுத்து தளர்ந்திருந்துச்சு. இந்த மெஷின் என் மேஜைக்கு வரப்போகுது, வர்ற வழியில அடிபடக் கூடாதுன்னு பூட்டி அனுப்பியிருக்கே. கெடுக்கப் போன இடத்துல கூட கை ஒழுங்கா வேலை செஞ்சிருக்கு."

"அண்ணி, என்ன இது? தமாஷா?" அவன் சிரித்தான். "நாள் முழுக்க உங்ககூட அலைஞ்சு..."

"இன்னிக்குத்தான் அந்த வீட்டு மாடிக்கு முதல் தடவையா போனோம். அந்தப் பொண்ணு என்னைக் கேட்டா, சர்க்கரை எவ்வளவுன்னு. உன்னைக் கேக்கலை. சர்க்கரை போடாத டீயை நேரா உன் கையில கொடுத்துட்டா. எத்தனை தடவை அங்கே டீ குடிச்சே?"

சிரிப்பு அவன் முகத்தில் அப்படியே இருந்தது. அதைக் கழற்றி வைக்க மறந்துவிட்டவன் மாதிரி.

"அது எப்படியோ... தற்செயலா..."

"அந்தச் சுண்ணாம்பு அடிச்ச ரூம் உனக்கா? அந்தப் போர்டுல உன் பேரா?"

இதற்கு அவன் பதில் சொன்னான். குரல் வேறாக இருந்தது. கிண்டல் உரித்த குரல்.

"ஆறு வருஷம் அண்ணி. எல்லா இடத்துலயும் 'ஊசியம்மாகூட வர்றாரே, அவர்'. எனக்கே என் பேர் மறந்து போச்சு. அவர் ஒரு ரூம் தர்றேன்னார். போர்டு வெச்சுக்கோன்னார். யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னார். நர்ஸுக்குச் சும்மா விசாரணைதான், விட்டுடுவாங்கன்னு..."

"அவ கொடியில ரெண்டு சீருடை தொங்கினதைப் பாத்தே இல்லை?"

அவன் தரையைப் பார்த்தான்.

ஊசியம்மா எழுந்தாள். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். கவர்களை வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் அளவு, தேதி, மெஷினின் பெயர் எழுதியிருந்தது. கடைசிக் கவரில் மட்டும் ஒரே ஒரு சொல். 'அவர்.'

"இந்த அளவு பெல்ட் பெட்டியில இது ஒண்ணுதான். எனக்குத் தெரியும். ஆனா கவர் மேல எழுதியிருக்கிறதைப் படிச்சுட்டுத்தானே பிரிச்சே?"

 

கவரைத் தடவிப் பார்த்தாள். உள்ளே வளையமாக ஏதோ இருந்தது. காலியாக விட்டால் தெரிந்துவிடும் என்று எதையோ வைத்திருக்கிறான். அவள் எதிர்பார்த்ததுதான். நல்ல பெல்ட்டை எரிக்க மனசு வராத கை அது. கவரைக் கவிழ்த்தாள்.

புது பெல்ட் மேஜைமேல் விழுந்து ஒரு முறை துள்ளியது. வழவழப்பான கறுப்பு. உள்பக்கத்தைத் திருப்பினாள். ஒரு நீலப் புள்ளி. புள்ளிக்குக் கீழே ஒரு கோடு.

அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் வேலையில் இறங்கினாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கப்பியிலிருந்த தாரைத் துடைத்தாள். ஒரு பஞ்சு, இரண்டு பஞ்சு, ஏழு பஞ்சு. பித்தளை மஞ்சளாக வெளியே வந்தது. தட்டின் அடி விளிம்பைச் சுற்றித் துடைத்தாள். விரலில் பவுடர் தொட்டு, பெல்ட்டைத் தட்டில் சுற்றி, தட்டைத் தண்டில் இறக்கி, பெல்ட்டின் ஒரு பக்கத்தை இழுத்துக் கப்பியில் மாட்டினாள். வழக்கமாக இந்த இடத்தில் டார்ச் அடிப்பவன் அவன். இன்றைக்கு அவன் அசையவில்லை. அவள் பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டாள்.

போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள்.

"பிளேயர் ஓடுது சார். ஓடவிடாம பண்ணியிருந்தாங்க. எடுத்த பெல்ட் கிடைச்சிருச்சு. நர்ஸ் வெச்ச அடையாளம் அதுல இருக்கு. இப்பவே வாங்க... ஆமா, யார் எடுத்ததுன்னும் ரிப்போர்ட்ல இருக்கும்." ஒரு நொடி நிறுத்தினாள். "இல்லை சார், வெளியாள் இல்லை."

போனை வைத்தாள். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினாள். பிளேயரோடு போலீஸ் அனுப்பியிருந்த பெரியவரின் வயலின் ரெக்கார்டை வைத்து, பொத்தானைத் தள்ளி, ஊசியை மெதுவாக இறக்கினாள். முதலில் சரசரப்பு. பிறகு வயலின்.

வேகம் சரியாக இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணும் வேலை எப்போதும் அவனுடையது. வாட்சைப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே தப்பாக எண்ணி அவளைக் கடுப்பேற்றுவான். அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து, தானே எண்ண ஆரம்பித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

எட்டில் நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது. பதினொன்றில் அவன் மேஜையைக் கடந்து போனான். எண்ணிக்கை தப்பிவிடும் என்று அவள் நிமிரவில்லை. பதினேழில் வாசலில் செருப்பு தரையில் உரசியது.

எந்த நாளும் அவன் வாசல் கேட்டில் நின்று உள்ளே பார்த்து ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் போனதில்லை. கதவைப் பூட்டிக்கோங்க அண்ணி, திருடன் வந்தா பாவம் அவனையும் கழற்றிடுவீங்க. இப்படி ஏதாவது. இருபத்திரண்டு. இருபத்துமூன்று. கேட் கொக்கி தூக்கப்படுகிற சத்தம். அவள் விரல் மேஜை விளிம்பில் நின்றது. இருபத்துநாலு. இருபத்தைந்து.

கொக்கி விழுந்தது.

வயலின் சரியான வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. தெருவில் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போய், முப்பத்துமூன்றில் இல்லாமல் போனது.